திரும்பிப் பார்க்காத மேடம்

மேடத்தைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "சொல்லுங்க" என்பார், ஆனால் நடை நிற்காது. கூப்பிட்டவர்தான் ஓடிப்போய் முன்னால் நின்று பேச வேண்டும். சாயங்காலம் காலேஜ் வாசலில் பஸ் ஏறும்போதும் அப்படித்தான். பிள்ளைகள் "பை மேடம், பை மேடம்" என்று கையாட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்.

முதலில் திமிர் என்று நினைத்தேன். அப்புறம் கழுத்து வலியாக இருக்குமோ என்று நினைத்து, தைலம் ஒன்று வாங்கி அவர் மேஜையில் வைத்தேன். "யாருக்கு வலி?" என்று கேட்டார். "எனக்குத்தாங்க" என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் ஒரு நர்சிங் காலேஜில் நான் ஆயா வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கூட்டுவது, துடைப்பது, பிள்ளைகள் பாடம் பழகுகிற ஆள் உயரப் பொம்மைக்குப் போட்டிருக்கிற சட்டையைத் துவைத்துப் போடுவது இதுதான் வேலை. மேடம் அங்கே டீச்சர். பஸ் கவிழ்ந்தாலோ, கட்டடம் இடிந்தாலோ, தீப்பிடித்தாலோ, ஒரே நேரத்தில் பத்து இருபது பேர் அடிபட்டுக் கிடப்பார்களே, அங்கே போய் நிற்கிற நர்சு முதலில் யாரிடம் போக வேண்டும் என்பதுதான் அவர் நடத்திய பாடம்.

என் நாத்தனார் தனத்தின் கையில் கறுப்பு ரிப்பன் கட்டியது இந்த மேடம்தான். கட்டுகிற நேரத்தில் அவளுக்கு உயிர் இருந்ததா இல்லையா என்று மேடத்திடம் கேட்க வேண்டும் என்று ஏழு மாதம் வாய் வரைக்கும் கொண்டுவந்து கொண்டுவந்து முழுங்கினேன். அதைச் சொல்வதற்கு முன்னால் மேடம் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். சொன்ன பிறகு சரியாக நினைப்பீர்களா என்றும் எனக்குத் தெரியவில்லை. நானே இன்னும் நினைத்து முடிக்கவில்லை.

மேடத்தின் பையில் எப்போதும் நாலு ரிப்பன் சுருள் இருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்ஸி ஸ்டோரில் ஜடைக்குக் கட்ட வாங்குகிற அதே ரிப்பன். எழுந்து நடக்கிறவருக்குப் பச்சை. அடி பலம், ஆனால் கொஞ்ச நேரம் தாங்குவார் என்றால் மஞ்சள். உடனே பார்த்தால்தான் பிழைப்பார் என்றால் சிவப்பு. மூச்சு இல்லை, தாடையைத் தூக்கி வழி விட்டுப் பார்த்தும் மூச்சு வரவில்லை என்றால் கறுப்பு. ஒரு ஆளுக்கு அரை நிமிஷம். அதற்கு மேல் ஒரு நொடி நின்றாலும் மேடம் பின்னாலிருந்து "அடுத்த ஆள் செத்துட்டாரு" என்பார், சாப்பாடு ஆறிப்போச்சு என்கிற மாதிரி.

"கட்டு, எழுந்திரு, போ. திரும்பிப் பாக்காத." இதைப் பிள்ளைகள் பாட்டு மாதிரி சொல்லித் திரிவார்கள். ஹாஸ்டலில் குழம்பு ஊற்றுகிறவரிடம்கூட, "ஊத்துங்க, எழுந்திருங்க, போங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள்.

அடிபட்ட ஆளாக நடிக்க யாராவது வேண்டுமே. ஒருநாள் துடைப்பமும் கையுமாக நின்ற என்னைக் கூப்பிட்டார். "அக்கா, இங்க படுத்துக்கங்க. கை முறிஞ்சு போச்சுன்னு கத்தணும். முடியுமா?" பீட்ரூட்டைக் கொதிக்க வைத்து மைதா கரைத்து ஊற்றின ரத்தத்தை என் கையில் பூசினார். எனக்குக் கொஞ்சம் தள்ளி வாட்ச்மேனைப் படுக்க வைத்து, "அண்ணே, நீங்க பேசவே கூடாது" என்றார்.

எனக்குக் கத்துவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் எந்நேரமும் உள்ளுக்குள்ளே கத்திக்கொண்டிருக்கிற ஆள். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றப் போனாரே முதுகில் ஏதாவது விழுந்திருக்குமா என்று காலையில் எழுந்ததிலிருந்து ஓடும். அன்றைக்கு வாயைத் திறந்து கத்தலாம் என்று ஒருத்தர் அனுமதி கொடுத்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முப்பது பிள்ளைகளும் என்னைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தலையைத் தடவ, ஒருத்தி தண்ணீர் கொடுக்க, ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

மேடம் கைதட்டினார். "எல்லாரும் இங்க இருக்கீங்க. அங்க அவர் செத்து அஞ்சு நிமிஷம் ஆச்சு." வாட்ச்மேனைக் காட்டினார். வாட்ச்மேன் உண்மையிலேயே தூங்கிப் போயிருந்தார்.

"கத்துறவங்களுக்கு மூச்சு இருக்கு. மூச்சு இருக்கிறதாலதான் கத்துறாங்க. அவங்களைத் தாண்டிப் போங்க. சத்தம் வராத இடம் எதுன்னு பாருங்க."

அன்றிலிருந்து நான் மேடத்தின் பொறி. எந்தப் பயிற்சியிலும் நடுவில் நான் படுத்துக் கத்துவேன். என்னிடம் வந்து நிற்கிறவள் ஃபெயில். ஒரு ஆறு மாதத்தில் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். நான் கத்தக் கத்த, போகிற போக்கில் பச்சை ரிப்பனைக் கட்டிவிட்டு, "சூப்பர் கா, இன்னும் கொஞ்சம் ராகமா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பெயரே பச்சை அக்கா என்று ஆகிவிட்டது.

பயிற்சி எப்போது வரும் என்று மேடம் சொல்லவே மாட்டார். மதியம் மெஸ்ஸில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். திடீரென்று தட்டு அடுக்கைத் தள்ளிவிட்டு, "கூரை விழுந்துருச்சு. இறங்குங்க, ஆரம்பிங்க" என்பார். நான் ரசத்தோடு கீழே படுத்துக் கத்துவேன். ஒரு தடவை கிராமத்துக்குப் போயிருந்தபோது என்னை ஒரு பம்புசெட் பக்கத்தில் படுக்கவைத்தார். நான் கத்தின கத்தில் பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு பெரியவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், "ஏம்மா, பால் கறக்கிறதை விட்டுட்டு ஓடியாறேன். விளையாடறதுக்கு வேற எடம் கெடைக்கலயா ஒங்களுக்கு?" என்று திட்டினார். மேடம் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு பிள்ளைகளிடம், "பாத்தீங்களா, அவர் நேரா அக்காகிட்டதான் வந்தாரு. எல்லா மனுஷனும் அப்படித்தான். நாம அப்படி இருக்க முடியாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. வருத்தமா என்று கேட்டால் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். அடிபட்டவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், விட மாட்டார்கள். அதிலிருந்து எப்படி விடுபடுவது என்று.

"அக்கா, உயிர் போற மாதிரி என் கையைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். "பாருங்க. நாலு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம். நாலு விரலோட மல்லுக்கட்டாதீங்க. கட்டைவிரல் பக்கமா உருவுங்க. அவங்களுக்கும் வலிக்காது." சொல்லிக்கொண்டே உருவிவிட்டார். எண்ணெய் தடவின மாதிரி வந்துவிட்டது. நான் வெறும் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து படித்த ஷகிலா என்ற பிள்ளை கேட்டது. "பாவமா இருக்காதா மேடம்?"

"இருக்கும்" என்றார். அதற்குமேல் ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் பார்த்தோம். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைப் படுக்கச் சொன்னார்.

கல் நெஞ்சு என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்படியும் இல்லை. பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்ப்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும், முந்தானையை இழுத்து இழுத்து விடுவேன். அப்புறம்தான் தெரிந்தது, மூச்சை எண்ணுகிறார். "இன்னைக்கு வேகமா இருக்கே. என்ன, கேஸா?" என்று கேட்பார். ஆமாங்க என்பேன். மற்ற டீச்சர்கள் சிரிப்பார்கள். மேடம் சிரிக்க மாட்டார். "போய்ப் பாத்துட்டு வாங்க. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்பார். எத்தனை தடவை அப்படி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். ஒரு தடவைகூட கேஸ் திறந்திருந்தது கிடையாது.

ஒருநாள் நானே கேட்டேன். "பிள்ளைங்களைத் திரும்பிப் பாக்காதன்னு சொல்றீங்க. என்னைப் போய்ப் பாருன்னு அனுப்புறீங்களே மேடம்."

"நீங்க பாக்கலாம் அக்கா. உங்களுக்கு அது வேலை இல்ல."

இதற்கு என்ன அர்த்தம் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு போனேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அவர் எந்த ஊர், குடும்பம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. கடலோரத்திலிருந்து வந்தவர், வெள்ளத்தில் எல்லாரையும் பறிகொடுத்தவர் என்று ஆபீசில் ஒருத்தர் சொன்னார். அதெல்லாம் இல்லை, திருச்சியில் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள் என்று சமையல்கார அக்கா சொன்னார். எது நிஜமோ. நான் கேட்டதில்லை. கேட்டால் திரும்பாமலே "சொல்லுங்க" என்பார், நான் என்னத்தைச் சொல்ல.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை. தனம் என் வீட்டுக்காரரின் தங்கை. மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருந்தாள். நன்றாக விளைந்தால் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். விளைந்தது. நான் லீவு சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். குட்டியானை வண்டியில் பின்னால் ஏழு பேர், நடுவில் மூட்டை. மூட்டைமேல் கால் நீட்டிக்கொண்டு வந்த தனம், "அண்ணி, இப்பவாச்சும் அந்த மூஞ்சிய கொஞ்சம் சிரிச்சாப்புல வையேன். கேஸை நான்தான் மூடினேன், என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

வளைவில் முன்னால் போன லாரி நின்றது. எங்கள் டிரைவர் ஒடித்தார். வானம் கீழே வந்தது, ரோடு மேலே போனது. அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்தபோது நான் ரோட்டோரம் மல்லாந்து கிடந்தேன். எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். மஞ்சளாக, கோயிலில் கொட்டின மாதிரியே. இரண்டு கை தூரத்தில் தனம் என் பக்கமாக முகம் வைத்துக் கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. நான் கத்த ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எங்கள் காலேஜ் பஸ். கிராமத்து வேலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்திருக்கிறது. முன்சீட்டிலிருந்து மேடத்தின் குரல் கேட்டது.

"இறங்குங்க. ஆரம்பிங்க."

மெஸ்ஸில் சொல்வாரே, அதே வார்த்தை, அதே குரல். நிஜம் என்று சொல்லவில்லை. அதை மறந்தாரா, வேண்டுமென்றே சொல்லவில்லையா, அது எனக்கு இன்னொரு குழப்பம்.

பிள்ளைகள் இறங்கி ஓடிவந்தார்கள். சோளத்தில் வழுக்கிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தது ஷகிலா. என்னைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்துவிட்டது. "என்னக்கா, இன்னைக்குமா?" என்றது. பின்னால் வந்தவளிடம், "வண்டியையே கவுத்துப் போட்டிருக்காங்கடி மேடம்" என்று சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டில் பச்சையைக் கட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது.

நான் இன்னும் பலமாகக் கத்தினேன். நிஜம் புள்ள, நிஜம் என்று கத்தினேன். பயிற்சியிலும் நான் அப்படித்தான் கத்துவேன். நானே கண்டுபிடித்துச் சேர்த்த வசனம் அது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் பதறவில்லை. கை நடுங்கவில்லை. பயிற்சி என்று நினைத்ததால் சத்தம் வராத இடமாகப் பார்த்துப் போனார்கள். வண்டிக்கு அடியில் மூச்சடைத்துக் கிடந்த ஒரு பெண்ணையும் வாய்க்கால் பக்கம் விழுந்து கிடந்த டிரைவரையும் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஷகிலா, "மேடம், இது சூடா இருக்கு" என்று கத்தியது கேட்டது. பீட்ரூட் சூடாக இருக்காதே. அது அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. மேடம் குரல் கேட்டது. "அழுதுகிட்டே கட்டு."

அப்புறம் மேடம் தனத்திடம் வந்தார். மண்டி போட்டார். தாடையைத் தூக்கினார். மூக்குப் பக்கம் காதை வைத்து, நெஞ்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அரை நிமிஷம் இருக்கும், அதற்குக் குறைவாகவும் இருக்கும். பையில் கைவிட்டுக் கறுப்பை உருவி அவள் மணிக்கட்டில் கட்டினார்.

எழுந்தவர் என் பக்கமாகத்தான் தாண்டிப் போக வேண்டும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மேடம், தனம். என் நாத்தனா. மேடம்." என் கையில் இருந்த பச்சையைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். கட்டைவிரல் பக்கமாகக் கையை உருவிக்கொண்டார். வலிக்கவே இல்லை.

"அக்கா, கத்திக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் அது. தனத்தின் கை சோளத்துக்குள் புதைந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் வெளியே தெரிந்தது. அது அசைந்தது. அசைந்த மாதிரி இருந்தது. கிழிந்த மூட்டையிலிருந்து சோளம் அப்போதும் சரிந்து கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அது உருண்டு விரலைத் தள்ளியதா, விரல் சோளத்தைத் தள்ளியதா. அதைச் சொல்லத்தான் மேடத்தைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வயிறு கல் மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. கண்ணில் சோளம் எல்லாம் வெள்ளையாகிக்கொண்டு வந்தது.

ரோட்டின் அந்தக் கோடியில் யாருக்கோ குனிந்திருந்த மேடம் நிமிர்ந்தார். திரும்பினார். அத்தனை வருஷத்தில் அவர் திரும்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் கத்துவதை நிறுத்தினது அவருக்குக் கேட்டிருக்கிறது. ஓடிவந்தார். தனத்தைத் தாண்டித்தான் வந்தார், அவளைக் குனிந்து பார்க்கவில்லை. என் வயிற்றை அழுத்திப் பார்த்து, பச்சையைக் கத்தரித்துப் போட்டுவிட்டு சிவப்பைக் கட்டினார். "இவங்க முதல்ல" என்றார். பிறகு எனக்கு நினைவில்லை.

திருச்சியில் ஆபரேஷன் பண்ணினார்கள். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் தேங்கியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். தனத்துக்குக் கழுத்து முறிந்திருந்ததாம். "அங்கேயே முடிஞ்சிருக்கும்மா" என்றார். முடிந்தது என்று சொல்லாமல் ஏன் முடிஞ்சிருக்கும் என்று சொன்னார் என்று நான் பிடித்துக்கொண்டேன்.

ஷகிலா பார்க்க வந்தது. அதன் அத்தா சவுதியிலிருந்து அனுப்பின பேரீச்சம்பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு நின்றது. "நான்தான் அக்கா பச்சை கட்டுனேன். பாக்காமலே கட்டுனேன்" என்றது. "சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ செஞ்ச. விடு தங்கம்" என்றேன். அது இன்னும் அழுதது.

வீட்டுக்காரர் அழவில்லை. என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஒருநாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஒங்க மேடம் இன்னும் ஒரு நிமிஷம் தனத்துக்கிட்ட இருந்து பாத்திருந்தா?"

"அப்படிப் பாத்திருந்தா நான் இருந்திருக்க மாட்டேன்" என்றேன்.

அவர் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். விரல் அசைந்த மாதிரி இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் காலேஜுக்குப் போய் நிற்பார். சொல்லாமல் இருந்தால் அது எனக்குள்ளே ஆடிக்கொண்டே இருக்கிறது. தங்கச்சியைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டு வந்த மாதிரி அவர் என்னைப் பார்க்கிறாரோ என்று தோன்றும். அவர் அப்படிப் பார்க்கவில்லை என்றும் தோன்றும்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போனேன். மேடம் அதே மாதிரிதான் இருந்தார். "படியெல்லாம் ஏறாதீங்க" என்றார், நெஞ்சைப் பார்த்தார், போய்விட்டார். என்னைப் படுத்துக் கத்தச் சொல்லவே இல்லை. பாடத்தில் மட்டும் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் ஒரு சுற்று முடித்ததும், "மறுபடி முதல்லேருந்து. கட்டினவங்களை எல்லாம் இன்னொரு தடவை பாருங்க" என்கிறார். ஒருத்தி, "கறுப்பையுமா மேடம்?" என்று கேட்டாள்.

"கறுப்பையும்."

ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. ஏன் இப்போது சொல்கிறார்? எப்போதும் சொல்லியிருக்க வேண்டியதுதானா, முன்னாலேயே புத்தகத்தில் இருக்கிறதா, இல்லை அன்றைக்குப் பிறகு வந்த புத்தியா? அப்படியென்றால் அவருக்கே சந்தேகம். அப்படியென்றால் தனம். மேடம் என்று கூப்பிட்டேன். "சொல்லுங்க" என்றார், நடந்துகொண்டே. ஓடி முன்னால் நிற்க எனக்கு வயிற்றில் தையல் இருந்தது. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அப்படியே இன்னும் நாலு மாதம் போனது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடம் எங்கள் வீட்டுக்கே வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். யார் என்று பார்த்ததும், "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாசலில் மொபெட்டைத் துடைக்கிற மாதிரி போய் உட்கார்ந்துகொண்டார். துடைக்கிற சத்தம் கேட்கவில்லை.

நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேன். மேடம் நாற்காலியில் உட்காராமல் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"வேலையை விட்டுட்டேன் அக்கா. நாளையிலேருந்து வரமாட்டேன்."

இப்போது கேட்டால்தான் உண்டு என்று தெரிந்தது. மேடம், அன்னைக்குத் தனத்துக்கு, என்று மனதுக்குள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு விரல் இந்தப் பக்கம், கட்டைவிரல் அந்தப் பக்கம்.

"அக்கா, நீங்க பக்கத்துல கிடந்தீங்க. நான் கட்டிட்டுப் போன பிறகு உங்க நாத்தனாகிட்ட அசைவு ஏதாவது பாத்தீங்களா?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மூச்சை எண்ணத் தெரியாதவள்தான். ஆனாலும் அவர் மூச்சு வேகமாக இருந்தது எனக்குத் தெரிந்தது. வாசலில் அசையாமல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் முதுகு தெரிந்தது.

ஏழு மாதமாக அவரிடம்தான் பதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்லைங்க மேடம்" என்றேன். "அசையல."

"நிச்சயமா?"

எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவர் இல்லை அவர்.

"நிச்சயமா. நான் பாத்துக்கிட்டேதான் கிடந்தேன். சோளந்தான் உருண்டுச்சு."

வாசலில் வீட்டுக்காரர் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டார். மொபெட் துடைக்கிற துணி.

நான் சொன்னது பொய்யா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நிஜமாகவும் இருக்கலாம். சொல்லச் சொல்ல அதுதான் நடந்தது என்று தோன்றியது. அவர்கள் இரண்டு பேருக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா, தனம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள், ஒன்றும் புரியவில்லை.

மேடம் கையை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே பிடித்திருந்தார். கட்டைவிரல் பக்கமாக உருவினால் வந்துவிடும், அவருக்கும் வலிக்காது, எனக்குத் தெரியும். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. நெருப்பு அணைந்து கேஸ் வாடை வந்தது. வீட்டுக்காரர் எழுந்து உள்ளே ஓடினார்.

நான் எழுந்திருக்கவில்லை.